கன்னிமார் ஏறிய மேடை

சென்னையிலிருந்து மேற்கே காஞ்சிபுரத்தை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் ஒரு காலத்தில் பிரயாணம் செய்தவர்கள் இரண்டு விஷயங்களைப் பற்றியே பேசிக்கொண்டு போவார்கள்: ஒன்று ஏரி, மற்றொன்று கோயில். இப்போது அந்தச் சாலையில் போகிறவர்களுக்குப் பேச்சு ஒன்றே ஒன்றுதான். அது கம்பெனி. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் தொழிற்சாலை 1998-ம் வருஷத்தில் கார் செய்யத் தொடங்கியது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா கைத்தொலைபேசித் தொழிற்சாலை 2014-ல் கதவை மூடிக்கொண்டது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் கார்த் தொழிற்சாலை எழுந்தது. ஸ்ரீ ராமாநுஜர் 1017-ல் அவதரித்த ஊரின் பெயரை இன்று கடல் கடந்த நாட்டு வியாபாரிகள் எல்லாம் உச்சரிக்கப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் உச்சரிக்கும் விதத்தைக் கேட்டால் ராமாநுஜரே புன்னகை செய்வார்!

இந்தப் பெருஞ்சாலையை விட்டு வடக்கே சிறிது தூரம் திரும்பினால் இருக்கிறது மண்ணூர். சென்ற ஆனி மாதத்தில் ஒரு நாள் மாலை நாம் அங்கே போய்ச் சேர்ந்தோம். கம்பெனி பார்ப்பதற்காக அல்ல. அக்கம்பக்கத்துக் கிராமம் ஒன்றில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கிறது, அன்று இரவு ‘அர்ச்சுனன் தபசு’ கூத்து என்று கேள்விப்பட்டதுதான் காரணம்.

நம்முடன் ஒரு நண்பர் வந்தார். ஆங்கில நாடகங்களை நன்றாகக் கற்றவர். வண்டியில் ஏறியது முதல் ஷேக்ஸ்பியர் 1595-ம் வருஷத்தை ஒட்டி எழுதிய ‘நடுவேனில் இரவுக் கனவு’ நாடகத்தின் பெருமையையே சொல்லிக்கொண்டு வந்தார்.

“அந்த நாடகத்தில் ‘பக்’ என்று ஒரு குறும்புத் தேவதை வருகிறதே, அதை ஷேக்ஸ்பியர் புத்தகத்திலிருந்தா எடுத்தார்? இல்லை ஐயா, கிராமத்திலிருந்து எடுத்தார்! வெண்ணெய் திரளாமல் போனால் அதன் வேலை. இரவில் வழிப்போக்கன் வழி தவறினால் அதன் வேலை என்று அந்நாட்டுக் குடியானவப் பெண்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாட்டி கதையை இங்கிலீஷ்காரன் பெரிய மேடைக்கு ஏற்றிவிட்டான். நாம் நம்முடைய பாட்டி கதைகளைத் திண்ணையிலேயே விட்டுவிட்டோம். நம் நாடகத்தில் தேவதைகள் எங்கே?” என்று கேட்டார்.

உடனே பதில் சொல்ல நமக்குத் தோன்றவில்லை. பதில் ஏரிக்கரையில் காத்திருந்தது.

பொழுது சாய இன்னும் ஒரு நாழிகை இருந்தது. கால்நடையாகக் கிளம்பி ஓர் ஏரிக்கரையின்மேல் நடந்தோம். ஏரியில் பாதிக்குமேல் தண்ணீர் இல்லை. எதிர்க்கரைக்கு அப்பால் ஒரு தொழிற்சாலையின் நீண்ட தகரக் கூரை மாலை வெயிலில் மின்னியது. மதகை ஒட்டி ஒரு வேப்பமரம். அதன் அடியில் வரிசையாக ஏழு சிறு கற்கள். ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கிழவி ஒருத்தியிடம், “பாட்டி! இது என்ன சாமி?” என்று கேட்டோம்.

“கன்னிமாருப்பா. ஏழு பேரு. அக்கா தங்கச்சிங்க. இந்த ஏரிக்கு அவங்கதான் காவல். நடு ராத்திரியிலே குளிக்க வருவாங்க. அந்த நேரத்திலே ஆம்பிளை யாரும் கரைமேல நடக்கக் கூடாது.”

“நடந்தால்?”

“காத்தவராயனுக்கு என்ன ஆச்சோ, அதுதான் ஆகும்” என்று சொல்லிக் கிழவி சிரித்தாள். பிறகு கையிலிருந்த கோலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்துகொண்டு அந்தக் கதையைச் சொன்னாள்.

கதை ஊருக்கு ஊர் சிறிது மாறும். அதன் எலும்புக்கூடு இதுதான். தெய்வலோகத்து நந்தவனத்துக்குக் காவலனாக நிறுத்தப்பட்டிருந்தான் காத்தவராயன். அங்கேயுள்ள பொய்கையில் நீராட ஏழு கன்னியரும் வந்தார்கள். ஆடைகளைக் கரையில் வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார்கள். இளையவளின் ஆடையைக் காவலன் எடுத்து ஒளித்துவிட்டான். காவல் காக்க வேண்டியவனே களவு செய்தான் அல்லவா? அந்தப் பாவத்தின் பயனாக இருவரும் பூமியில் பிறந்தார்கள். அவள் அந்தணர் வீட்டு ஆரியமாலையானாள். அவன் தாழ்த்தப்பட்ட குடியில் வளர்ந்தான். அவளை நாடிப் போனான், சிறை எடுத்தான், முடிவில் கழுமரம் ஏறினான்.

கிழவி ஆடுகளை ஓட்டிக்கொண்டு போன பிறகும் நண்பர் அந்தக் கற்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இது உலகத்துக் கதை ஆயிற்றே!” என்றார் கடைசியில்.

உண்மைதான். நீராட வந்த தேவமகளின் ஆடையை மானிடன் ஒருவன் கவர்ந்துகொள்ளும் கதை பூமியில் பல தேசங்களில் வழங்குகிறது. ஜப்பான் தேசத்து நோ நாடகங்களில் புகழ்பெற்ற ‘ஹகொரோமோ’ இந்தக் கதையே. கடற்கரைப் பைன் மரத்தில் தொங்கிய இறகாடையைச் செம்படவன் ஒருவன் எடுத்துக்கொள்கிறான். அதைத் திரும்பப் பெறுவதற்காக வானுலகப் பெண் அவன் முன்னே நடனம் ஆடுகிறாள். ருஷ்ய தேசத்தில் அன்னமாக மாறிய பெண்களின் கதை சைக்காவ்ஸ்கியின் இசையோடு 1877-ல் மாஸ்கோ நகரத்து மேடையில் ஏறியது. நம் தேசத்திலோ ரிக் வேதத்திலேயே ஊர்வசியும் புரூரவனும் பேசிக்கொள்கிறார்கள். நீர்ப்பறவை வடிவெடுத்துப் பொய்கையில் நீந்திய அப்ஸரஸ்களைச் சதபத பிராமணம் கூறுகிறது. அந்த ஊர்வசியைத்தான் காளிதாசர் ‘விக்ரமோர்வசீயம்’ என்ற நாடகத்தின் தலைவியாக்கினார். அவருடைய சகுந்தலையும் மேனகை என்னும் தேவமகளின் பெண்ணே.

“இவையெல்லாம் வடமொழி. தமிழில்?” என்று நண்பர் விடவில்லை.

தமிழில்தான் விசேஷம் இருக்கிறது. மற்ற தேசங்களில் தேவதை ஒரு நாடகத்தில் பாத்திரமாக வருகிறாள். நம்மவர்களோ ஆடல் அரங்கமே தேவமகளிடமிருந்து பிறந்தது என்று நம்பினார்கள். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை எடுத்துப் பாருங்கள். இந்திர சபையில் ஊர்வசிக்கும் இந்திரன் மகன் சயந்தனுக்கும் அகத்திய முனிவரால் சாபம் உண்டாயிற்று. ஊர்வசி மண்ணில் ஆடல் மகளாகப் பிறந்தாள். அவள் வழியில் வந்தவளே கோவலனைக் கவர்ந்த மாதவி. சயந்தன் மூங்கிலாகப் பிறந்தான். ஆடல் மகளிருக்கு அளிக்கும் தலைக்கோல் அந்தச் சயந்தனே என்று வணங்கப்பட்டது. இவ்வளவு சொன்ன இளங்கோவடிகள் அரங்கத்தின் அளவையும் விடாமல் சொல்லுகிறார். இருபத்து நான்கு விரல் கொண்டது ஒரு கோல். அத்தகைய கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். திரைகள் மூன்று: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. வானத்துப் பெண் இறங்கிவர நம் தச்சன் கணக்காக இடம் போட்டு வைத்திருக்கிறான்!

கோயில் சிற்பங்களிலும் ஏழு பெண் தெய்வங்கள் உண்டு. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் அவர்கள் சப்தமாதர்களாக வீற்றிருக்கிறார்கள். பிராமி, மாகேசுவரி, கௌமாரி, வைஷ்ணவி, வராகி, இந்திராணி, சாமுண்டி என்று அவர்களுக்குப் பெயர்களும் வாகனங்களும் இருக்கின்றன. ஏரிக்கரைக் கன்னியருக்குப் பெயரும் இல்லை, வாகனமும் இல்லை; கல்லும் மஞ்சளும்தான். ஆயினும் தமிழ் மேடையின் புகழ்பெற்ற தலைவியர் பலர் இந்தக் கன்னிமாருக்கு நெருங்கிய உறவினர் என்பதே நம் எண்ணம். யாருக்கும் கட்டுப்படாமல் தன் காட்டையோ தன் நாட்டையோ தானே காத்துக்கொண்டு நிற்கும் கன்னி ஒருத்தி. அவளை ஏமாற்றியோ வேண்டியோ அடைய வரும் ஆடவன் ஒருவன். இந்த ஒரே நூலில் எத்தனை நாடகங்களைக் கோத்திருக்கிறார்கள்!

அல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் ஆடவரை மதியாமல் மதுரையை ஆண்ட அரசி. பவளக்கொடி பவள வனத்துக்கு அரசி. அல்லியின் மகன் பவளத் தேர் வேண்டும் என்று அழ, அதைத் தேடிப் போன அர்ச்சுனன் அவளிடம் மனத்தைப் பறிகொடுத்தான். வியாச பாரதத்தில் இவர்களைக் காண முடியாது. புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் ‘அல்லி அரசாணி மாலை’, ‘பவளக்கொடி மாலை’ என்ற பெரிய எழுத்துப் புத்தகங்களிலும், அவற்றை இராகம் போட்டுப் படித்த நம் பாட்டிமாரின் நாவிலும் அவர்கள் வாழ்ந்தார்கள். வள்ளியோ மான் வயிற்றில் பிறந்து, வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்து, வேடர் தலைவன் வீட்டில் வளர்ந்து, பரண்மேல் நின்று தினைப்புனம் காத்தவள். இந்த மூவரையும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) கொட்டகை மேடைக்குக் கொண்டுவந்தார். பாட்டி கதையைப் பெரிய மேடைக்கு ஏற்றியவர் தமிழிலும் உண்டு என்று நண்பருக்கு எடுத்துச் சொன்னோம்.

அந்த மேடையில் வள்ளி திருமணம் செய்த வேலை சாமான்யமானதன்று. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் சேர்ந்து நடித்த வள்ளி திருமணத்தைக் கேட்க ஊர் ஊராக ஜனங்கள் திரண்டார்கள். எஸ். எஸ். விசுவநாத தாஸ் முருகன் வேஷத்தில் வந்தால் கொட்டகைக்கு வெளியே போலீஸாரும் வருவார்கள். தினைப்புனத்தில் வள்ளி விரட்டுகிற பறவைகளோடு சேர்த்து, கடல் தாண்டி வந்த வெள்ளைக் கொக்கையும் அவர் பாட்டிலே விரட்டினார். அதற்காகப் பல முறை சிறை சென்றார். 1940-ம் வருஷத்தின் கடைசி நாளில், சென்னையில், முருகன் வேஷத்தோடு மேடையிலேயே அவருடைய உயிர் பிரிந்தது. கிராமத்துக் கன்னி ஒருத்தியின் தினைப்புனம் தேசத்தின் விடுதலைக்கும் இடம் கொடுத்தது!

ஏரிக்கரைக் கிழவி சொன்ன ஆரியமாலை கதையும் வீணாகிவிடவில்லை. பி. யு. சின்னப்பா நடித்த ‘ஆர்யமாலா’ 1941-லும், சிவாஜி கணேசன் நடித்த ‘காத்தவராயன்’ 1958-லும் திரைப்படங்களாக வந்தன. யாழ்ப்பாணத்து அம்மன் கோயில்களில் காத்தவராயன் கூத்து நேர்த்திக்கடனாகவே ஆடப்பட்டு வருகிறது. குலத்தின் பெயரால் ஒருவனைக் கழுவேற்றிய கதையை அந்த ஜனங்கள் மறக்கவில்லை.

இருட்டிய பிறகு கூத்து நடக்கும் கிராமத்துக்குப் போனோம். கோயிலுக்கு எதிரே திறந்த வெளி. நடுவில் வானத்தை அளாவி நின்றது தபசு மரம். ஒரு பக்கத்தில் மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியம், தாளம். ஒன்பது மணிக்குமேல் களரி கட்டத் தொடங்கி, கட்டியக்காரன் வந்து ஜனங்களைச் சிரிக்க வைத்தான். பிறகு இருவர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொண்டார்கள். அதன் பின்னாலிருந்து பாட்டுக் கேட்டது, சலங்கை கேட்டது, திரைக்குமேல் கிரீடத்தின் நுனி தெரிந்தது. சிலப்பதிகாரத்தின் எழினி இந்தப் புழுதியில் இன்னும் அசைந்துகொண்டிருப்பது போல் இருந்தது. திரை விலகியதும் அர்ச்சுனன் வெளிப்பட்டான். மரக் கிரீடம், புஜக்கட்டைகள், மார்ப்பதக்கம் எல்லாம் கண்ணாடித் துண்டுகளோடு மின்னின. இந்தக் கட்டைகளை அணிந்து ஆடுவதனாலேயே இதற்குக் கட்டைக்கூத்து என்று பெயர்.

அர்ச்சுனன் பாசுபதம் வேண்டித் தவத்துக்குப் போகிறான். தவத்தைக் கலைக்கத் தேவமகள் வருகிறாள். வந்தவளைக் கட்டியக்காரன் மேலும் கீழும் பார்த்து, “எந்தக் கம்பெனி பஸ்ஸிலே வந்தே, அம்மா? ராத்திரி ஷிப்டா?” என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேலியின் உட்பொருள் பிறகுதான் நமக்குத் தெரிந்தது.

நடுநிசிக்குமேல் ஓய்ந்திருந்த நேரத்தில் தேவமகள் வேஷக்காரரோடு பேசினோம். நாற்பது வயது மதிக்கத்தக்க ஆண்பிள்ளை. பகலில் ஒரு கம்பெனி வாசலில் காவல் வேலை பார்க்கிறாராம்.

“உங்கள் பையன் கூத்துக்கு வருகிறானா?” என்று கேட்டோம்.

“இல்லீங்க ஐயா. அவனும் கம்பெனிதான். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. கூத்துன்னா விடிய விடிய முழிக்கணும். விடிஞ்சா டூட்டி. ரெண்டும் ஒத்து வராதுங்க. ஆடறவங்களாவது எப்படியோ சமாளிச்சிடுவோம். பாக்கிறவங்களுக்குத் தூக்கம் வேண்டாமா?”

“பெண் குழந்தை உண்டா?”

“ஒண்ணு இருக்குது. அதுக்குத்தான் என் பாட்டெல்லாம் மனப்பாடம்” என்று சொல்லிச் சிரித்தார். பிறகு சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டு, “பொம்பளைப் பிள்ளையை எப்படிங்க ஆட விடறது?” என்றார்.

இந்த ஒரு வார்த்தை நம் மனத்தில் தைத்தது. திரௌபதி, தேவகன்னி, அல்லி, ஆரியமாலை என்று பெண்களின் வீரத்தாலேயே நிறைந்திருக்கிறது இந்தக் கூத்து. ஆனால் களரியில் பெண் கிடையாது. கன்னிமாரின் கதையைக் கன்னியர் ஆடக் கூடாது என்று எத்தனையோ தலைமுறைகளாக வழக்கம் இருந்துவந்தது. கொட்டகை நாடகத்தில் கே. பி. சுந்தராம்பாள் போன்றவர்கள் எப்போதோ அந்த வேலியைத் தாண்டிவிட்டார்கள். கூத்தில் அதைத் தாண்டுவதற்கு இந்த நூற்றாண்டு வர வேண்டியிருந்தது.

தாண்டிக் காட்டிய இடமும் இந்தச் சீமையில்தான் இருக்கிறது. 1990-ல் கூத்துக் கலைஞர்கள் சேர்ந்து கட்டைக்கூத்துச் சங்கத்தை நிறுவினார்கள். சங்கத்தின் சார்பில் கூத்துக் கலைஞர் பி. ராஜகோபாலும், அவருடைய வாழ்க்கைத் துணைவியும் டச்சு நாட்டு அறிஞருமான ஹன்னா டி புரூயினும் காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் 2002-ல் கட்டைக்கூத்துக் குருகுலத்தைத் தொடங்கினார்கள். பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்பித்தார்கள். பையன்களைப் போலவே பெண்களும் கிரீடம் தாங்கினார்கள், கட்டை கட்டினார்கள், துரியோதனனாகவும் கர்ணனாகவும் விடிய விடிய ஆடினார்கள். பதினெட்டு வருஷங்களுக்குப் பிறகு, 2020-ல், அந்தக் குருகுலம் மூடப்பட்டது.

ஒரு பள்ளி மூடப்படுவது உலகத்தில் நடக்காத காரியம் அன்று. ஆனால் மடை ஒன்று அடைபட்டால் எந்த வயல் காயும் என்பதைக் குடியானவன் அறிவான். நம் நாடகத்தின் ஊற்று ஏரிக்கரைக் கதையில் இருக்கிறது. கதையிலிருந்து கூத்துக்கு, கூத்திலிருந்து கொட்டகைக்கு, கொட்டகையிலிருந்து திரைப்படத்துக்கு என்று அது பாய்ந்து வந்திருக்கிறது. கதை சொன்ன கிழவி ஆடு மேய்த்துக்கொண்டிருக்கிறாள். கேட்க வேண்டிய பேத்தி இரவு ஷிப்டில் இருக்கிறாள். பேத்தி வேலைக்குப் போவது தவறு என்று நாம் சொல்ல மாட்டோம். தன் கையால் சம்பாதிக்கும் பெண்ணைப் பார்த்தால் அல்லி அரசாணியே மகிழ்ந்துபோவாள். சம்பளத்துக்காக இரவை விற்றுவிட்டவர்களுக்குக் கதை கேட்க வேறு பொழுது கிடைக்க வேண்டுமே என்பதுதான் நம்முடைய கவலை.

கிழக்கு வெளுத்தது. அர்ச்சுனன் பாடிக்கொண்டே தபசு மரத்தின் படிகளில் ஒவ்வொன்றாக ஏறினான். குழந்தை வரம் வேண்டும் பெண்கள் ஈரத் துணியோடு மரத்தடியில் நின்றார்கள். உச்சியை அடைந்த அர்ச்சுனன் பூவும் விபூதியும் எலுமிச்சம்பழமும் கீழே தூவினான். இரவெல்லாம் அரட்டை அடித்தவர்களும் அந்தச் சமயத்தில் வாய் திறக்கவில்லை.

அப்போது சாலையோரத்தில் ஒரு கம்பெனி பஸ் வந்து நின்றது. இரவு வேலை முடிந்து திரும்பும் பெண்கள் ஏழெட்டுப் பேர், எல்லோரும் ஒரே நிறச் சட்டை அணிந்தவர்கள், இறங்கினார்கள். தூக்கம் கண்ணைச் சுழற்றியது அவர்கள் முகத்தில் தெரிந்தது. ஆயினும் விடுதிக்குப் போகாமல் கூட்டத்தின் ஓரத்தில் நின்று மேலே பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி எதிர்பாராமல் தன்மேல் வந்து விழுந்த எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற மூதாட்டியிடம், “இதை என்ன பண்ணணும், பாட்டிம்மா?” என்று கேட்டாள்.

“பத்திரமா வச்சுக்கோ, கண்ணு. இது எதுக்குன்னு சொல்றேன், உட்காரு” என்றாள் மூதாட்டி.

அந்தப் பெண் உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

நண்பர் நம்மைப் பார்த்தார். தேவதைகள் எங்கே என்று அவர் மறுபடி கேட்கவில்லை.

நேயர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறோம். பங்குனி முதல் ஆடி வரையில் வட தமிழ்நாட்டில் எத்தனையோ திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கிறது. கட்டணம் கிடையாது. உட்கார ஒரு பாயும் குளிருக்கு ஒரு போர்வையும் இருந்தால் போதும். வருஷத்தில் ஓர் இரவு குழந்தைகளை, முக்கியமாகப் பெண் குழந்தைகளை, அழைத்துச் செல்லுங்கள். அடுத்த நாள் பகலில் தூங்கிக்கொள்ளலாம். வழியில் ஏரிக்கரையில் ஏழு கற்களைக் கண்டால் சற்று நின்று, அந்தக் கதையையும் சொல்லிவிட்டுப் போங்கள்.